இரண்டு பந்தி வைக்கும் வீடு

கேள்வி:

நான் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் வசிக்கும் 61 வயதுப் பெண். என் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. மகனுக்கு 28 வயது, யாழ்ப்பாண நகரில் தனியார் நிறுவனமொன்றில் வேலை. மகள் திருமணமாகிக் கனடாவில் இருக்கிறாள். சென்ற 2024 நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல் முடிவு வந்த காலை, வெள்ளிக்கிழமை என்பதால் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் சம்பலும் வைத்திருந்தேன். இவர் வானொலியை நிறுத்திவிட்டு, "நம் சனம் இப்படிச் செய்யும் என்று நான் நினைக்கவேயில்லை" என்றார். மகன் புட்டைப் பிசைந்தபடியே, "நானும் திசைகாட்டிக்குத்தான் போட்டேன், அப்பா" என்றான். தேசிய மக்கள் சக்தியின் சின்னம் அது. பாதியில் எழுந்து போனவர் இன்றுவரை அவனோடு இருந்து சாப்பிடவில்லை. இவருக்கு ஏழு மணிக்கும் அவனுக்கு ஒன்பதரைக்கும் தனித்தனியே பரிமாறுகிறேன். ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம்தான் சொல்லி அனுப்புகிறார்கள். மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம் முன்னுக்கு வந்ததும் கோபம் ஆறிவிடும் என்று நம்பினேன். ஆனால் இவர் அன்று மகனைப் பார்த்துத் 'துரோகி' என்று சொல்லிவிட்டார். அதன்பின் அவன் பெரும்பாலும் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு வருகிறான். ஆடிப்பிறப்பு வருகிறது. ஆடிக்கூழ் காய்ச்சி, கொழுக்கட்டையும் அவித்து, ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரை அழைத்து ஒரே மேசையில் இருத்தலாம் என்று நினைக்கிறேன். மகளையும் அந்த நேரம் வீடியோவில் வரச் சொல்லியிருக்கிறேன். சரிவருமா? நவம்பர் முடிவில் எனக்கும் மனவருத்தம் உண்டு. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

– ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கூழ் காய்ச்சுங்கள். ஒளித்து அழைக்கும் திட்டத்தை மட்டும் கைவிடுங்கள். எட்டு மாதங்களாக முகம் பார்க்காத இரண்டு பேரைச் சொல்லாமல் கொள்ளாமல் எதிரெதிரே இருத்தினால் ஒருவர் எழுந்து போவார். கனடாவிலிருந்து மகளும் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் இன்னும் வேகமாக எழுவார். யாரும் பார்க்காத கோபத்தை விழுங்குவது எளிது, ஆள் பார்க்க வந்த கோபத்தை விழுங்க மானம் இடம்கொடாது. பிறகு அடுத்த ஆடியிலும் அந்தக் கூழோடு அந்த நாளின் நினைவு சேர்ந்தே வரும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பிணக்குக்கான செலவை உங்கள் வீட்டில் யார் கொடுக்கிறார்கள் என்று எண்ணிப்பார்த்தீர்களா? ஐயாவுக்கு ஏழு மணிக்குச் சூடான சாப்பாடு கிடைக்கிறது. மகன் கடையில் சாப்பிடாத நாட்களில் அவனுக்கும் ஒன்பதரைக்குச் சூடான சாப்பாடு கிடைக்கிறது. பேசவேண்டியதைப் பேச இருவருக்கும் ஒரு தூதர் இருக்கிறார். கோபித்துக்கொண்டதால் அவர்களுக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. சொதியை இரண்டு தரம் சூடாக்குவது, மேசையை இரண்டு தரம் துடைப்பது, இடையில் பசியோடு நிற்பது எல்லாம் உங்கள் தலையில் விழுகின்றன. நீங்கள் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. பெரும்பாலும் பத்து மணிக்குக் குசினியில் நின்றபடி சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். குடும்ப உளவளத்துணையில் இருக்கும் எனக்கு இது மிகவும் பழக்கமான படம்.

ஆகவே ஆடிப்பிறப்புக்குக் காத்திராமல் இந்த வாரமே இரவுச் சாப்பாட்டை ஒரு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஏழரை என்று வைத்துக்கொள்வோம். ஐயா நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரானால் அவருடைய நேரமே பொது நேரமாக இருக்கட்டும், மருந்து எடுப்பவரைக் காத்திருக்க வைக்கக்கூடாது. இருவரிடமும் தனித்தனியாக, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள்: "இனி இரவில் ஒரே தரம்தான் பரிமாறுவேன். அந்த நேரம் நானும் இருந்து சாப்பிடப்போகிறேன். பிந்தி வருபவர் தானே போட்டுச் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கட்டும்." விளக்கம் கேட்டால், "எனக்குக் களைப்பாக இருக்கிறது" என்ற ஒன்றே போதும். அது பொய்யும் இல்லை. அதன்பின் உண்மையாகவே இருந்து சாப்பிடுங்கள். முதல் நாள் மேசையில் நீங்கள் மட்டுமே இருக்க நேரலாம். பரவாயில்லை, வானொலியைப் போட்டுவிட்டு ஆறுதலாகச் சாப்பிடுங்கள். இரண்டாம் நாள் ஐயா அறையிலிருந்தபடி, "சாப்பாடு எங்கே?" என்பார். எழுந்து ஓடாதீர்கள். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தை நேரத்துக்கு நடத்திய மனிதருக்குச் சாப்பாட்டு மேசைக்கு வழி தெரியும்.

தூது போவதையும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். "அவனிடம் கேள்" என்றால், "அவன் முன் அறையில்தான் இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். தண்ணீர்க் கட்டணத்துக்காகவாவது ஒருநாள் அவர்கள் நேரே பேசவேண்டி வரும். முதல் பேச்சு கட்டணத்தைப் பற்றியதாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை.

இனித் தேர்தலுக்கு வருவோம். எந்தக் கட்சி நல்லது என்று தீர்ப்புச் சொல்வது என் தொழில் அல்ல, ஆனால் இந்த இரண்டு மனிதர்களும் வாக்கு என்பதை வெவ்வேறு தேவைக்காகக் கையில் எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிகிறது.

ஐயாவுக்கு 66 வயது என்கிறீர்கள். அப்படியானால் அவர் முதன்முதலில் வாக்களித்தது 1977 ஆக இருக்கலாம். தனித் தமிழ் ஈழம் கோரிய வட்டுக்கோட்டைத் தீர்மானத்துக்கு அடுத்த வருடம். அந்தத் தலைமுறை தன் சொந்தத் தேவைக்காக வாக்களிக்கவில்லை, ஓர் இனமாக ஒன்றைச் சொல்லிவிட வாக்களித்தது. அதன்பின் இழந்தவர்கள், 1995 அக்டோபரில் வலிகாமமே எழுந்து நடந்த அந்த இரவு, திரும்பி வந்தபோது கூரையில்லாமல் நின்ற வீடு என்று ஒவ்வொன்றும் அந்தப் புள்ளடியோடு சேர்ந்துகொண்டது. தெற்கில் தளம் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடத்துக்கு வந்தது சென்ற நவம்பரில்தான் முதல் தடவை. 6 ஆசனங்களில் 3 திசைகாட்டிக்கு, வீட்டுக்கு ஒன்றே ஒன்று. அந்தத் திசைகாட்டியின் முதுகெலும்பு மக்கள் விடுதலை முன்னணி. இணைந்திருந்த வடக்கையும் கிழக்கையும் பிரிக்கக் கோரி அந்தக் கட்சி உயர் நீதிமன்றம் போனதும், 2006 இல் இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பு வந்ததும், 2007 தொடக்கத்தில் மாகாணங்கள் பிரிந்ததும் ஐயாவுக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கும். "நானும் போட்டேன்" என்று மகன் சொன்ன கணத்தில், இத்தனை பேரின் சாவுக்கும் என் வீட்டிலேயே மதிப்பில்லையா என்று அவர் காதில் விழுந்திருக்கும். மகன் சொன்னது அது அல்ல. ஆனாலும் விழுந்தது அதுதான்.

மகன் பிறந்தது 1997 வாக்கில். போர் முடியும்போது பன்னிரண்டு வயது. வளர்ந்து வேலைக்குப் போகும் வயதில் 2022 இன் பொருளாதார நெருக்கடி வந்தது: எரிவாயுவுக்கு வரிசை, பெட்ரோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, மின்வெட்டு. அவனுடைய வகுப்பில் எத்தனை பேர் இன்று ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பக்கம் களவெடுக்காத ஆட்சி வேண்டும் என்ற ஆசை, மறுபக்கம் ஆளுக்கொரு சின்னத்தோடு நாற்பதுக்கு மேற்பட்ட அணிகளாகச் சிதறி நின்ற மாவட்டத்தைப் பார்த்த சலிப்பு. அவனுக்கு வாக்கு என்பது அடுத்த ஐந்து வருடத்துக்கான கணக்கு. அதனால் அவன் தன் இனத்தை மறந்துவிட்டான் என்று ஆகாது. அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி, பொய் சொல்லாமல், சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லாமல் சொன்னானே, அதைக் கவனித்தீர்களா? இரகசிய வாக்கு. வாயை மூடிக்கொண்டு புட்டைச் சாப்பிட்டிருக்கலாம். அப்பாவிடம் சொல்லலாம் என்று நம்பினதால்தான் சொன்னான்.

எண்களை வைத்து வாதாடினால் இருவருக்கும் வெற்றி கிடைக்கும், அதுதான் தொல்லை. திசைகாட்டிக்கு விழுந்த எண்பதாயிரத்துச் சொச்சம் வாக்குகளை மகன் காட்டலாம். வீட்டுக்கும் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிளுக்கும் விழுந்ததைக் கூட்டினாலே அதைத் தாண்டுகிறது என்று ஐயா காட்டலாம். இரண்டும் சரி. மே மாதத்தில் ஐயாவின் பக்கம் மேலே வந்தது. யாழ் மாநகர சபையில் எவருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல், மேடையில் ஒருவரையொருவர் வைதவர்கள் சபை அமைக்கும் நாளில் ஒரே பக்கம் கை உயர்த்தினார்கள். அரசியல்வாதிகளுக்குச் சமரசம் ஒரு மாத வேலையாக இருக்கிறது. உங்கள் வீட்டில்தான் எட்டு மாதமாகியும் முடியவில்லை.

இதற்கிடையில் ஒரு சிறிய செய்தி, உங்களுக்கு மட்டும். "எங்கள் குடும்பம் என்றைக்கும் வீட்டுக்குத்தான்" என்று ஐயா சொல்வாராக இருந்தால், 1977 இல் அவர் புள்ளடியிட்ட சின்னம் பெரும்பாலும் உதயசூரியனாக இருந்திருக்கும். தமிழர் விடுதலைக் கூட்டணி அந்தச் சின்னத்தில்தான் நின்றது. 2001 இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவானபோதும் உதயசூரியன்தான். வீடு 2004 இல் திரும்பி வந்தது. இதை அவருடைய கோப்பையில் பரிமாறிவிடாதீர்கள். அவரைக் கேலி செய்ய அல்ல, உங்கள் மனதின் பாரம் குறையவே சொன்னேன்.

உண்மையில் இன்று அவர்களுக்கிடையே நிற்பது வாக்கும் அல்ல, 'துரோகி' என்று ஐயா சொன்னதுதான். அந்தப் பட்டம் சூட்டப்பட்டு இந்த மண்ணில் மனிதர்கள் சுடப்பட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். அதைக் கறியாலோ கூழாலோ கழுவ முடியாது. ஐயா தன் வாயால் திருப்பி எடுக்கவேண்டும். அதை நீங்கள் அவருக்காகச் செய்யவும் முடியாது. "அப்பா கோபத்தில் சொல்லிவிட்டார், மனதில் வைக்காதே" என்று மகனிடம் நீங்கள் போய்ச் சொன்னால், அதுவும் இன்னொரு தூதுதான். மாறாக ஐயாவிடம், மகன் வீட்டில் இல்லாத ஒரு நேரத்தில் இப்படிச் சொல்லலாம்: "அவன் யாருக்குப் போட்டான் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் என் பிள்ளையை அந்தச் சொல்லால் அழைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. அதை நீங்கள்தான் சரிசெய்யவேண்டும்." சொல்லிவிட்டு நிறுத்துங்கள். பதிலுக்கு அவர் கத்தினாலும், பேசாமல் முற்றத்துக்குப் போனாலும், பின்னால் போகாதீர்கள். இதைச் சீரணிக்க ஆசிரியர்களுக்குச் சற்றுக் காலம் வேண்டும், மற்றவர்களைத் திருத்தியே பழகியவர்கள் அல்லவா?

நீங்கள் கடைசி வரியில் ஒதுக்கிவைத்த உங்கள் மனவருத்தத்துக்கு வருகிறேன். கடிதம் முழுவதும் தேடினேன். ஐயாவுக்கு என்ன வேண்டும், மகனுக்கு என்ன வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்குமா என்று இல்லை. நீங்கள் யாருக்கு வாக்களித்தீர்கள் என்றும் இல்லை. அதை எனக்குச் சொல்லவேண்டாம், கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை அந்த மேசையில் மூன்று வாக்காளர்கள் இருந்தார்கள். இருவர் தங்கள் முடிவைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள், மூன்றாமவரிடம் எவரும் கேட்கவில்லை. இலங்கைப் பெண்களுக்கு 1931 இல் ஆண்களோடு ஒரே நேரத்தில் சர்வசன வாக்குரிமை வந்தது. இன்றும் பல வீடுகளில் வாக்குச்சாவடியைத் தாண்டியதும் அந்த உரிமை அடுப்படிக்குள் போய்விடுகிறது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கும் அந்த முடிவு வருத்தம்தான்" என்று தொடங்குங்கள். ஏன் என்று உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். ஐயாவின் காரணத்தை இரவல் வாங்காதீர்கள். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி நீங்களும் ஒரு கருத்துடைய ஆளாக அந்த மேசையில் இருந்தால், மற்ற இருவரும் கொஞ்சம் அடங்கிக் கேட்பதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

'இந்த வீட்டில் அரசியல் பேசக்கூடாது' என்று மட்டும் சட்டம் போடாதீர்கள். எட்டு மாதமாக அரசியல் பேசாமல்தானே இருக்கிறீர்கள்? பேசட்டும், சாப்பிட்டுக் கை கழுவியபின் பேசட்டும். முடிந்தால் நீங்களே ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: 1977 இல் வாக்களிக்க யாரோடு போனீர்கள்? பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த நாட்களில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்? யார் சரி என்று கேட்டால் வழக்கு வரும், என்ன நடந்தது என்று கேட்டால் கதை வரும். மகன் அப்பாவின் கதையை முழுதாகக் கேட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் போரின் தேதிகள் தெரியும், அப்பா பயந்த இரவு தெரியாது.

ஆடிப்பிறப்பு இந்த 2025 இல் ஜூலை 17, வியாழக்கிழமை. மகனுக்கு வேலைநாள், ஆகவே கூழை மாலைக்கு வையுங்கள். ஒரு வாரம் முன்பே இருவருக்கும் தெரியட்டும். "வியாழன் மாலை கூழ், மூவரும் இருப்போம்" என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். வர மறுப்பவருக்கு மறுக்கும் உரிமை உண்டு, ஆனால் கூழ் அறைக்கு வராது. வேலையையும் பிரித்துக் கொடுங்கள். மகன் நம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் நல்ல பனங்கட்டியாகப் பார்த்து வாங்கி வரட்டும். தேங்காய் விற்கும் விலையில் அதையும் அவனே வாங்கினால் புதிய ஆட்சியைப் பற்றி அவனுக்கும் இரண்டு கேள்வி எழும். இந்த வருடம் கடைகளில் உப்புக்கே தட்டுப்பாடு வந்ததே! ஐயா காலையில் பயற்றை வறுத்துக் கோது நீக்கித் தரலாம், தேங்காயைச் சிறு சொட்டுகளாகச் சீவித் தரலாம். பொறுமையான கை வேண்டிய வேலை, கட்டுரைகளைத் திருத்தியவருக்குப் பொருந்தும். நீங்கள் மாவைக் குழைத்து உருண்டை பிடியுங்கள். பயறு வெந்து, உருண்டைகளும் வெந்து, கரைத்த மாவும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்ந்தபின் ஒரு கை அகப்பையை விடாமல் துழாவவேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். அந்த நேரம் மகனைக் கூப்பிடுங்கள். ஐயாவும் எட்டிப்பார்த்து, "அடுப்பைக் குறை" என்று ஒரு சொல் சொன்னால் அதைப் பெரிதுபடுத்தாதீர்கள். பார்த்தீர்களா, பேசிவிட்டார் என்று சிரிக்கவே சிரிக்காதீர்கள்.

மகளிடம் அன்று வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் நீங்கள் தனியாக அழைத்துப் பேசுங்கள். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க நம் நாட்டில் வழியில்லை, வாக்கில்லாதவர்களுக்குச் சிலவேளை கோபம் மட்டும் இரண்டு பங்கு வந்துவிடுகிறது. அவளுடைய கவலை உண்மையானது. ஆனால் தம்பியையும் அப்பாவையும் தொலைவிலிருந்து அவள் விசாரிக்கவேண்டியதில்லை.

ஐயாவைப் பற்றி இன்னொன்று. இரவில் தூக்கமில்லாமல் நடக்கிறாரா, சாப்பாடு குறைந்திருக்கிறதா, இடப்பெயர்வுக் காலத்தைத் திரும்பத் திரும்பப் பேசுகிறாரா அல்லது அதைப் பற்றிய பேச்சை எடுத்தாலே எழுந்துவிடுகிறாரா என்று பாருங்கள். அப்படியானால் இது தேர்தலோடு தொடங்கிய துன்பம் அல்ல, தேர்தல் அதைக் கிளறிவிட்டிருக்கிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார், கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். "உங்களுக்கு மனநோய்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். "எனக்கு மனது சரியில்லை, என்னோடு வாருங்கள்" என்று அழைத்துப் போங்கள். அதுவும் உண்மைதானே?

ஆடிக்குள் எல்லாம் சீராகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். மகன் கூழுக்கு வந்துவிட்டு, ஐயா வராமல் விடலாம். அப்போதும் ஏழரை மணி ஏழரை மணியாகவே இருக்கட்டும். வடக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது 2018 இல், இந்த 2025 ஜூலை வரை அதற்கான தேர்தல் வரவில்லை. வரும்போது வீட்டில் மறுபடியும் சூடு ஏறும். அதற்குமுன் மூவரும் ஒரே நேரத்தில் சாப்பிடும் வழக்கத்தைப் பழக்கிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்களுக்குப் பிடித்த கறி எது என்பதும் இருக்கட்டும்.